பொத்தான், பதக்கம், நுழைவுச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர்கள் பதவியேற்கும் நாளையொட்டி மக்கள் சேர்த்து வைக்கும் நினைவுப் பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் முதல் விழாவிலேயே தொடங்கிவிட்டது. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது, அதற்கென்றே செம்பிலும் பித்தளையிலும் பொத்தான்கள் செய்து விற்றார்கள். ஒருவகைப் பொத்தானில் நடுவே அவர் பெயரின் முதலெழுத்துகள், சுற்றிலும் சங்கிலி வளையங்களுக்குள் 13 மாநிலங்களின் பெயர்ச் சுருக்கம். அதைக் கோட்டில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் செய்த நகல்கள் ஏராளமாக உலவுகின்றன. விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பதக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1905-இல் வந்தது. முதலில் தயாரான பதக்கத்தில் அப்போது பதவியேற்ற அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத் திருப்தி இல்லை. சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸைக் கேட்டு வேறொன்று செய்யவைத்தார். நாட்டின் தங்கக் காசுகளைப் புதிதாக வடிக்கும் வேலையும் அந்தச் சிற்பியிடமே போனது. 1907-இன் அழகான 20 டாலர் காசு அப்படி வந்ததுதான்.

சரி, இதெல்லாம் விலை அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் நுழைவுச் சீட்டுகளைத் தேடுங்கள் என்பேன். அழைப்பிதழ் வேறு, சீட்டு வேறு. விழாக் குழு நினைவுக்காக அச்சிட்டு அனுப்பும் அழைப்பிதழைக் காட்டி யாரும் உள்ளே போக முடியாது. சீட்டுக்குத்தான் கதை உண்டு. 2009-இல் ஒபாமா பதவியேற்றபோது ஊதாநிறச் சீட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரு சுரங்கச் சாலையில் மணிக்கணக்காகச் சிக்கி, விழாவைப் பார்க்காமலே திரும்பினார்கள். 1985-இல் ரீகனுக்கும் 2025-இல் டிரம்புக்கும் குளிர் காரணமாக விழா கட்டடத்துக்குள் மாறியது. வெளியே உட்கார இடம் ஒதுக்கிய சீட்டுகள் அப்படியே தங்கிவிட்டன. விழா நடந்த விதத்தை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் பொருள் வேறு இல்லை. தங்கமுலாம் பூசிய நினைவுத் தட்டுகளில் எனக்கு அந்த ஈர்ப்பு வந்ததே இல்லை.

அப்புறம், கையில் கிடைத்த காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அமிலம் இல்லாத உறையில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். பழைய பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதன் மதிப்பே போய்விடும். யாரிடமிருந்து வந்தது, அவர் அன்று எங்கே நின்றார் என்பதைத் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். கொடுப்பவர் அருகில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.