தைரியம் இருக்கட்டும், முதலில் அந்த விசிறியைக் கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குரல் கரகரவென்று இருக்கும், நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குவேன். எதையும் வெட்டி எடுக்கப்போவதில்லை, அப்படியே விடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எனக்கு நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை, ஸ்டேஜ் 4, அதாவது பரவிவிட்ட நிலை. வெகு காலம் மாத்திரையிலேயே கட்டுப்பட்டுக் கிடந்தது. அப்புறம் அந்த மாத்திரைக்கு நோய் பழகிவிட்டது. இப்போது கீமோ ஓடுகிறது. முழுவதும் குணமாகிவிடும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்றுதான் சொன்னார்கள். அப்படியென்றால் தினமும் காலையில் எதை நம்பி எழுந்திருக்கிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு அதைப் பேசலாம்.

முதலில் ஒரு மனத்தாங்கலைக் கொட்டிவிடுகிறேன். "தைரியமாக இருங்கள், பாதி நோய் தானாகப் போய்விடும்." பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அன்பில் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் கேட்கிற எனக்கு ஒரு வேலை கூடிவிடுகிறது. நேற்று ராத்திரி அழுதேனே, அதனால் கட்டி வளர்ந்திருக்குமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2004ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வெளியானது. நுரையீரல் புற்றுநோய் வந்த 179 பேரிடம், மனதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டு அளந்தார்கள். நம்பிக்கை நிறைந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. துவண்டுபோனவர்கள் அதனால் சீக்கிரம் போய்விடவும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமே வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. அழ வேண்டும்போல் இருந்தால் அழலாம். கட்டிக்கு அது தெரியப்போவதில்லை.

அப்படியானால் நம்பிக்கைக்கு என்ன வேலை? என் விஷயத்தில் அது மனதை முறுக்கேற்றியதால் வரவில்லை. உடம்பின் தொல்லை ஒவ்வொன்றாகக் குறையக் குறையத்தான் வந்தது. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது யாராலும் நாளையைப் பற்றி நினைக்க முடியாது. மூச்சு சீரானால் நாளை தானாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஆனால் எண்களைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. நோய் பெயரைக் கேட்டதும் எல்லோரும் செய்கிற காரியம், எத்தனை மாதம் என்று இணையத்தில் தேடுவது. அங்கே கிடைக்கும் எண் பெரும்பாலும் இடைநிலைக் கணக்கு. ஒரு கூட்டத்தை, வாழ்ந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் யாரோ, அவருடைய கணக்கு அது. அவருக்கு அந்தப் பக்கம் பாதி வரிசை இன்னும் நீண்டு கிடக்கிறது. இன்னொன்று, ஐந்தாண்டுக் கணக்கைச் சொல்ல வேண்டுமென்றால், ஐந்து வருடங்களுக்கு முன்போ அதற்கும் முன்போ நோய் கண்டவர்களை வைத்துத்தான் சொல்ல முடியும். அவர்களுக்கு அப்போது கிடைக்காத மருந்து இன்று இருக்கலாம்.

இருக்கலாம் என்ன, இருக்கிறது. கட்டியை வளரவைக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றத்துக்கும், அதைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்வதற்கும் உள்ள தொடர்பு தெரிந்ததே 2004ல்தான். ஏஎல்கே என்ற இன்னொரு மரபணு மாற்றத்தை இந்த நோயில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 2007ல். நான்கே வருடத்தில், 2011ல், அதற்கு முதல் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அந்த வரிசையில் பின்னால் வந்த லோர்லாடினிப் என்ற மருந்தின் ஐந்தாண்டு முடிவு 2024ல் வெளியானது. அதை முதல் சிகிச்சையாகத் தொடங்கிய ஏஎல்கே நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஐந்து வருடமாகியும் நோய் முன்னேறவில்லை. பெரும்பாலும் ஸ்டேஜ் 4 நோயாளிகளைப் பற்றிய கணக்கு இது. நான் இதை இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

உடனே மனக்கோட்டை கட்ட வேண்டாம். இந்த மாற்றங்கள் எல்லோருடைய கட்டியிலும் இருப்பதில்லை. ஏஎல்கே மாற்றம் நூற்றில் சில பேருக்குத்தான். அதனால்தான் சொல்கிறேன், புதிதாக நோய் கண்டவர் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மாதம்" அல்ல. "மரபணுப் பரிசோதனை முழுவதும் வந்துவிட்டதா?" இதைக் கேளுங்கள். திசு போதவில்லை என்றால் ரத்தத்திலிருந்து எடுத்தும் பார்க்க முடியும். நோயாளியின் நிலைமை தாங்குமென்றால், முடிவு வரும்வரை காத்திருப்பது வீண் தாமதம் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியை அவசரமாக ஏற்றிவிட்டு, பிறகு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது என்று தெரிந்து அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. வரிசை மாறினால் சிக்கல்.

இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ம். கீமோ. எனக்குக் கொடுப்பது பெமெட்ரெக்ஸட் சேர்ந்த மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதனோடு தினமும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அவ்வப்போது பி12 ஊசி. சத்துக்காகத்தானே என்று இதை விட்டுவிடக்கூடாது. இந்த மருந்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடாமல், வாயைப் புண்ணாக்காமல் காப்பது அந்த இரண்டும்தான். அப்புறம் ஸ்டீராய்டு. கீமோவுக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாள். அந்த மூன்று நாளும் எனக்கு ராட்சச பலம். நடுராத்திரியில் அலமாரியை அடுக்குவேன், பழைய நண்பர்களுக்கு நீளநீளமாகச் செய்தி அனுப்புவேன். ஸ்டீராய்டு நின்றதும் அப்படியே சுருண்டு விழுவேன், மனமும் சேர்ந்து விழும். இந்தக் கணக்கு புரியும்வரை எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: அந்த நாட்களில் நான் எடுக்கும் எந்த முடிவும் செல்லாது.

காய்ச்சல் மட்டும் விளையாட்டில்லை. கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்கு போன் செய்ய வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று பாரசிட்டமால் போட்டுத் தூங்கக்கூடாது. வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

மாத்திரைக் காலத்துத் தொல்லைகள் வேறு. முகத்திலும் மார்பிலும் பரு, வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நகச்சுற்று. உயிர்கொல்லி நோயை வைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்துக்கு அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். சட்டைப் பொத்தான் போட முடியாத ஆளுக்குத்தான் அது தெரியும். சின்ன விஷயம் என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. தாங்கவே முடியவில்லை என்றால் அளவைக் குறைக்கவும் வழி உண்டு. தானாக மாத்திரையை நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, மூச்சுக்கு வருகிறேன். இந்த நோயில் மற்ற எல்லாவற்றையும்விட பயமுறுத்துவது அதுதான். மாடிப்படி ஏறும்போது முட்டும், குளிக்கும்போது முட்டும், சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே முட்டும். முட்டியதும் பயம் வரும். பயத்தில் மூச்சு மேலோட்டமாக வேகமெடுக்கும், அதனால் இன்னும் முட்டும். இந்தச் சுழலை எங்கேயாவது அறுக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவை மூன்று. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்வது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட மெதுவாக ஊதி விடுவது. மூன்றாவது இதோ, என் கையில் இருக்கிற இந்தக் குட்டி விசிறி.

பேட்டரியில் ஓடுகிற சாதாரண விசிறிதான். இதை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகப் பிடிக்க வேண்டும். முகத்து நரம்பில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சு போதவில்லை என்ற தவிப்பு குறைகிறது. 2010ல் மூச்சுத்திணறல் உள்ள 50 பேரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் முகத்துக்கு, ஐந்து நிமிடம் காலுக்கு விசிறி. முகத்துக்குப் பிடித்தபோதுதான் திணறல் குறைந்தது. எனக்கு இந்த ஆய்வை மிகவும் பிடிக்கும். காலுக்கு விசிறி பிடித்துக்கொண்டு, இதெல்லாம் எதற்கு என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்த அந்தப் புண்ணியவான்களை நினைத்துக்கொள்வேன்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக, திடீரென்று மூச்சு முட்டினால் விசிறியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், மருந்தாலேயே அழற்சி வந்திருக்கலாம். உடனே காட்ட வேண்டும். நீர் கோத்திருந்தால் ஊசி வைத்து எடுப்பார்கள். எனக்கு எடுத்த அன்று, எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்துவிட்டு "இவ்வளவுதானா!" என்று சத்தமாகவே கேட்டேன்.

விசிறியைப் பற்றி எனக்குச் சொன்னது கேன்சர் டாக்டர் அல்ல, பாலியேட்டிவ் டாக்டர், அதாவது வலி, மூச்சுமுட்டல் போன்ற தொல்லைகளைக் குறைக்கிறவர். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். நான் ஆன்காலஜிஸ்ட்டிடம் நேராகவே கேட்டேன்: "கீமோவை நிறுத்தப்போகிறீர்களா?" இல்லை, கீமோவும் தொடரும், இவர்களும் உன்னைப் பார்ப்பார்கள் என்றார். அங்கே போனால் என் ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கம் வருகிறதா, வலி எத்தனை மணிக்கு அதிகம், மலச்சிக்கல் உண்டா, ராத்திரியில் எதை நினைத்துப் பயப்படுகிறாய். ஒரு மணி நேரம் இப்படியே. யாரும் அதுவரை என்னிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

இதே 2010ல் வெளியான இன்னொரு ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப்பேருக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் சிகிச்சையும். இரண்டாம் பிரிவினருக்கு வாழ்க்கைத்தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. எதிர்பாராத விஷயம் ஆயுள்: அவர்களுக்கு இடைநிலை 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. இத்தனைக்கும் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சை குறைவாகப் பெற்றவர்கள் இவர்கள்தான். மாதங்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், நான் சொன்ன புதிய மருந்துகளில் பெரும்பாலானவை வருவதற்கு முந்தைய காலம் அது. வித்தியாசத்தைப் பாருங்கள். மனதை முறுக்கிக்கொண்டதால் கிடைக்காதது, தொல்லையைக் கேட்டுச் சரிசெய்ததில் கிடைத்திருக்கிறது.

என் பாலியேட்டிவ் டாக்டர்கள் எனக்கு மார்ஃபின் கொடுக்கிறார்கள், சின்ன அளவில், வலிக்கும் மூச்சுக்கும். மார்ஃபின் என்றால் முடிவு என்று பயப்படுகிறவர்களுக்கு: அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இந்த வீடியோவையே எடுக்கிறேன். கூடவே மலமிளக்கியையும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் மார்ஃபின் ஒரு தண்டனை.

"சிகரெட் குடித்தீர்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் குடித்ததில்லை. ஆனால் அந்தப் பதிலை முன்னால் நீட்டி அனுதாபம் வாங்குவதை விட்டுவிட்டேன். குடித்தவருக்கும் இதே மூச்சுதான் முட்டுகிறது.

அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன். அந்த வாரம் முழுவதும் வயிற்றில் ஏதோ பிசையும், தலைவலித்தால்கூட மூளைக்குப் போய்விட்டதோ என்று தோன்றும். அதற்கு நான் கண்ட வழி, ரிப்போர்ட்டை போனில் நானாகத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான். டாக்டர் எதிரில், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அங்கேதான் கேட்பேன். கேள்விகளை இப்போதே எழுதி அவளிடம் கொடுத்தாயிற்று. கட்டி நின்றிருந்தால், பெமெட்ரெக்ஸட்டை மட்டும் வைத்துத் தொடர முடியுமா? வளர்ந்திருந்தால், மறுபடி பயாப்ஸி எடுத்து எப்படிப் பழகியிருக்கிறது என்று பார்ப்பீர்களா, எனக்குப் பொருந்துகிற மருந்து ஆய்வு எங்காவது நடக்கிறதா? மூன்றாவதாக அக்கா தன் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறாள்: கீமோ தேதியை நான்கு நாள் தள்ளலாமா, அவளுடைய மகள் கல்யாணத்தன்று நான் சுருண்டு படுக்காமல் இருக்க வேண்டுமாம்.

மூச்சு வாங்குகிறது, இன்றைக்கு இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முடிவு வந்ததும் எதுவானாலும் வந்து சொல்கிறேன். நகச்சுற்றுக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.