எலக்ட்ரீஷியன் ஆகணும்னா முறையாக ஆகுங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கூட வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

மார்க் குறைந்தவன்தான் ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போவான் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஒரு வீட்டில் ஹால் லைட்டைப் போட்டதும் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச், விழுந்து கரண்ட் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பை மாற்றியாச்சு, ஸ்விட்சை மாற்றியாச்சு, இன்னும் விழுகிறது. முறையாகப் படித்தவன் எப்படி யோசிப்பான்? ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்றுதான் அந்தக் கருவி பார்க்கிறது, வீட்டில் மாட்டுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், அந்த அளவு வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். அப்படியானால் கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது. பெட்டியைத் திறந்தால், இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர் ஹால் நியூட்ரலை அந்த ஆர்.சி.சி.பி.யில் சேராத வேறொரு நியூட்ரலோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பார். இதைக் கண்டுபிடிக்கிறவனுக்கா மூளை குறைவு?

நம் பையன்கள் நிறையப் பேர் தெரிந்த வயர்மேன் அண்ணனோடு கையாளாகப் போய், சுவரை வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்தே தொழில் பழகுகிறார்கள். கை நன்றாகவே பழகிவிடும். ஆனால் எர்த் ஏன் போடுகிறோம் என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள், கையில் ஒரு சான்றிதழும் இருக்காது. பெரிய கம்பெனி வேலை, ரயில்வே வேலை, பிறகு சொந்தமாக கான்ட்ராக்ட் எடுக்க லைசென்ஸ் என்று எங்கே போனாலும் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதனால் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் டிரேடு எடுங்கள், இரண்டு வருடம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுச் சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் உண்டு. அப்புறம் 1961ஆம் வருட அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் பயிற்சி, அங்கே உதவித்தொகையும் தருவார்கள். பெரம்பூரில் இருக்கிற ரயில்வேயின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஐடிஐ முடித்தவர்களோடு, பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து நேரடியாகவும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்ததும் அந்த நிறுவனமே வேலை தரவேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. ரயில்வேயில் மட்டும், அங்கேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 என்கிற ஆரம்பநிலை வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும்.

படிப்பு இதோடு நின்றுவிடுமே என்று கவலைப்படும் அம்மாக்களுக்கு: ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே.

பெண் பிள்ளைகளும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். பேனல் போர்டு வயரிங்கில் வயர் முனையில் லக் என்கிற உலோக முனையை அடித்து, அடையாளத்துக்கு நம்பர் போட்ட ஃபெரூல் வளையம் மாட்டி, ஒவ்வொரு இணைப்பையும் டெஸ்ட் செய்கிற வேலைக்குப் பொறுமையும் துல்லியமும்தான் வேண்டும். சரி, யாருக்கு என்ன சந்தேகம், கேளுங்கள்.