லூட்டுக்கு எத்தனை ஜோடித் தந்தி?

அடுத்த கேள்வி. "சார், நான் கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறேன். ரெனைசான்ஸ் லூட் ஒண்ணு செய்யச் சொல்லலாம்னு இருக்கேன். ஆறு கோர்ஸ், எட்டு, பத்துன்னு சொல்றாங்க. பத்தாவே வாங்கிட்டா எல்லாத்தையும் வாசிச்சிடலாம்ல?"

வாசிச்சிடலாம், சுரமெல்லாம் கிடைச்சிடும். ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

புதுசா பார்க்கிறவங்களுக்காக: லூட்னா கிட்டார் மாதிரி மீட்டுற பழைய ஐரோப்பிய வாத்தியம். ரெனைசான்ஸ்னா 15, 16-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம். கோர்ஸ்னா சேர்த்து மீட்டுற ஜோடித் தந்தி. முதல் தந்தி மட்டும் பெரும்பாலும் ஒத்தை. அப்போ ஆறு கோர்ஸ்னா 11 தந்தி, எட்டுன்னா 15, பத்துன்னா 19. தினம் 19 பிருடையைத் திருகிச் சுருதி சேர்க்கப் பொறுமை இருக்கான்னு முதல்ல யோசிங்க.

நீங்க எதை வாசிக்கப் போறீங்க? 1507-ல வெனிஸ்ல பெட்ரூச்சிங்கிற பதிப்பாளர் அச்சுப் போட்ட ஸ்பினாசினோ, அதுக்கப்புறம் பிரான்செஸ்கோ டா மிலானோ, இந்த இத்தாலிய லூட் கலைஞர்களோட இசைக்கு ஆறே போதும். 1597-ல வந்த இங்கிலாந்து இசையமைப்பாளர் டவ்லண்டோட பாட்டுகளுக்கு வந்தா ஏழாவது வேணும். 1615-ல ஆம்ஸ்டர்டாம்ல வந்த நிக்கோலா வாலேயோட லூட் புத்தகம்னா, சரி, பத்து வாங்குங்க.

பத்துல கஷ்டம் என்னன்னா, கழுத்து அகலமாயிடும். கட்டைவிரல் தூரத்துத் தந்திக்கு எட்டணும். மிலானோ காலத்துல கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கி மீட்டுவாங்க. கீழ்ச்சுரத் தந்திகள் கூடக்கூட அந்தக் கைவாக்கே மாறி, கட்டைவிரல் வெளியே வந்துடுச்சு. அதோட, நீங்க தொடாத தந்தியெல்லாம் கூடவே ரீங்காரம் போடும். மிலானோவோட இசையில பல மெட்டுகள் ஒரே நேரத்துல பின்னிப் போகும், அதுல ஒவ்வொரு குரலும் தனியாக் கேக்கணும். அங்க இந்த ரீங்காரம் இடைஞ்சல்.

நிறைய பேர் எட்டு வாங்கறாங்க. எஃப், டிங்கிற ரெண்டு கீழ்ச்சுரமும் திறந்த தந்தியாவே, அதாவது விரல் அழுத்தாமலே, கிடைக்கும், தப்பில்ல. என்னைக் கேட்டா ஏழு. ஆறாவது ஜி, ஏழாவதை டி-ல வைங்க. அதை மூணாவது ஃப்ரெட்ல, அதாவது கழுத்துல குறுக்கே இருக்கிற மூணாவது கட்டுல, அழுத்தினா எஃப் வந்துடும், எட்டாவது எதுக்கு?

ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உங்க கிட்டார்லயே மூணாவது கம்பியை அரை சுரம் இறக்கி எஃப் ஷார்ப் ஆக்குங்க, மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போடுங்க. ஆறு கோர்ஸ் லூட்டோட சுருதி அப்படியே வந்துடும். பழைய டேப்லேச்சரை (எந்தத் தந்தியில எந்த ஃப்ரெட்னு காட்டுற இசைக்குறிப்பு) எடுத்து அதுலயே ரெண்டு மூணு மாசம் வாசிங்க. ஏழாவது தந்தி இல்லாம எத்தனை தடவை கை தடுமாறுதுன்னு எண்ணிப் பாருங்க. லூட் செய்யறவருக்கு அப்புறமா போன் பண்ணிக்கலாம்.