தண்ணீரை ஊற்றியது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். குழந்தையின் அறிவு வளர்வது தன் முயற்சியாலா, சுற்றியிருப்பவர்கள் துணையாலா என்பது தலைப்பு. தன் முயற்சியால்தான் என்று சொல்ல எதிரணித் தலைவர் உளவியலாளர் பியாஜேயை அழைத்துவந்தார்; துணையால்தான் என்று சொல்ல நான் இன்னோர் உளவியலாளர் வைகாட்ஸ்கியோடு வந்திருக்கிறேன். பி.எட். படித்தவர்களுக்கு இருவருமே தேர்வுக்கு முதல் நாள் தூக்கத்தைக் கெடுத்தவர்கள்தான். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1896. சுவிட்சர்லாந்துக்காரர் 84 வயது வரை இருந்தார். எங்கள் சோவியத் மனிதர் 37 வயதிலேயே காசநோயில் போய்விட்டார். ஆயுள் கணக்கில் எதிரணிக்கே வெற்றி, குறித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் சொன்னார். ஒரே மாதிரி இரண்டு அகல டம்ளர்களில் சமமாகத் தண்ணீர். ஒன்றை மட்டும் குழந்தையின் கண்முன்னே ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ‘உயரமானதில்தான் அதிகம்’ என்கிறது. ஏழு வயதைத் தாண்டினால் ‘ரெண்டும் ஒன்றுதான்’. யாரும் சொல்லித்தரவில்லை, தானாகப் பழுத்தது என்றார். சரி ஐயா, தண்ணீரை ஊற்றியது யார்? ஒரு பெரியவர். ‘இப்போது எதில் அதிகம்?’ என்று மறுபடி கேட்டது? அவரேதான். வீட்டில் ‘கை கழுவினாயா?’ என்று இரண்டாம் முறை கேட்டால் பிள்ளைக்கு என்ன தோன்றும்? முதலில் சொன்ன பதில் எடுபடவில்லை என்றுதானே!

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிலும் 1970களில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தண்ணீருக்குப் பதில் வில்லைகள், சமமாக இரண்டு வரிசை. பெரியவர் ஒரு வரிசையின் இடைவெளியை மாற்றிவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் தடுமாறினார்கள். அப்புறம் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்தது. அப்போது கேட்டால், முன்பைவிட எத்தனையோ பேர் ‘சமம்தான்’ என்றார்கள். வில்லைகள் அதேதான், வயதும் அதேதான். கலைத்த கை மாறியது, பதிலும் மாறிவிட்டது. தனியாக யோசிக்கிறது என்று நீங்கள் நினைத்த பிள்ளை, அத்தனை நேரமும் உங்கள் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தது!

பியாஜேயை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகளின் தப்பான பதில்களுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் அவர். ஆனால், வைகாட்ஸ்கி சொல்லும் ஒரு கணக்கைக் கேளுங்கள். சோதனையில் இரண்டு பிள்ளைகளுக்கும் மனவயது எட்டு; அதாவது, எட்டு வயதுப் பிள்ளைக்கான கணக்கு வரை தனியாகப் போடுகிறார்கள். கொஞ்சம் கைகொடுத்தால் ஒருவன் 12 வயதுக்கான கணக்கு வரை போடுகிறான். மற்றவன் ஒன்பதோடு நிற்கிறான். இருவரும் ஒன்றா? தனியாக விட்டு அளந்தால் ஒன்று. துணையோடு விட்டால்தான் எவன் எதுவரை போவான் என்பது தெரிகிறது.

கடைசியாக ஒன்று, மணி அடித்துவிடாதீர்கள் ஐயா. எட்டாத பொம்மைக்குக் குழந்தை கையை நீட்டுகிறது. விரல்கள் அந்தரத்தில் துழாவுகின்றன. அம்மா ‘இதுவாடா கண்ணு?’ என்று எடுத்துத் தருகிறாள். இப்படியே நடக்க நடக்க, ஒரு நாள் அந்தக் கை பொம்மையைப் பிடிக்க நீள்வதில்லை. அம்மாவுக்குக் காட்ட நீள்கிறது. சுட்டுவிரல் பிறந்த கதையை வைகாட்ஸ்கி இப்படித்தான் சொல்கிறார். அந்த அறையிலிருந்து அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் கை எப்போது சுட்டத் தொடங்கும் என்று எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.