பெயர் தொலைந்தால் படம் பேசாது: ஒரு கவுண்டியின் வரலாற்றைக் காப்பது எப்படி?

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். வெட்டவெளியில் ஒரு குடும்பம், கால்நடைகள், நடுவில் ஓர் ஆர்கன்.)

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், கஸ்டர் கவுண்டி (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பகுதி). 1880-களில் எடுத்தது. ஆடுமாடுகள் நிற்கும் முற்றத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது. அவர்களோடு ஓர் ஆர்கன். வீட்டுக்குள் இருக்க வேண்டிய வாத்தியம் வெளியே ஏன் வந்தது?

படத்துக்குள் பதில் இல்லை. படத்தோடு வந்து சேர்ந்த குறிப்பில்தான் இருக்கிறது. அந்த வீட்டம்மா கிழக்கே இருக்கும் தோழிகளுக்குப் படம் அனுப்ப ஆசைப்பட்டார். ஆனால் தாங்கள் இன்னும் மண் வீட்டில்தான் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் ஆர்கனை வெளியே இழுத்து வந்து, வீடு தெரியாதபடி நின்றார்கள். படம் எடுத்ததும் ஆர்கன் திரும்ப உள்ளே போய்விட்டது.

அந்தக் குறிப்பு மட்டும் தொலைந்திருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு புதிர்தான்.

(திரையில்: கண்ணாடி நெகட்டிவ் ஒன்றை இரு விளிம்பிலும் பிடித்திருக்கும் கைகள்.)

இதை எடுத்தவர் சாலமன் புட்சர். 1886-ல் அவருக்கு ஒரு யோசனை வந்தது: கஸ்டர் கவுண்டியில் குடியேறியவர்களை வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும், அவர்கள் கதையையும் எழுதி வாங்க வேண்டும். மரம் அரிதான புல்வெளி அது. வேரோடு வெட்டியெடுத்த புல்தரைக் கட்டிகளை அடுக்கித்தான் ஜனங்கள் சுவர் எழுப்பினார்கள். அந்த வீடுகள் நிலைக்காது என்று அவருக்குத் தெரியும். வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1899-ல் அவர் வீடு தீப்பிடித்தது. வேறிடத்தில் வைத்திருந்த கண்ணாடி நெகட்டிவ்கள் (படம் பதிந்த கண்ணாடித் தகடுகள்) தப்பின. பாடுபட்டுச் சேர்த்த வாழ்க்கைக் குறிப்புகள் சாம்பலாயின. மனிதர் விடவில்லை. பண்ணைக்காரர் ஒருவர் பண உதவி செய்ய, கதைகளை மறுபடி திரட்டி 1901-ல் கவுண்டியின் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். நெகட்டிவ்களைப் பின்னாளில் மாநில வரலாற்றுச் சங்கம் 600 டாலருக்கு வாங்கியது. சுமார் 3,000 நெகட்டிவ்கள்! அவற்றை நவீன ஸ்கேனரில் ஏற்றியபோது, வெறும் கறுப்பாகத் தெரிந்த வாசல்களுக்குள் வீட்டுச் சாமான்கள் தெரிய ஆரம்பித்தன.

படம் தப்பியது, எழுத்து எரிந்தது. எல்லா ஊரிலும் நடப்பது இதுதான், தீயே இல்லாமல். முகம் நூறு வருடம் தாங்குகிறது. அது யார் என்று சொல்லத் தெரிந்த கடைசி ஆள் போனதும் பெயர் போய்விடுகிறது.

(திரையில்: எரிந்து கருகிய ஓரங்களுள்ள பதிவேட்டுத் தாள்.)

அரசாங்கப் பதிவேடு இருக்குமே என்று தோன்றலாம். 1890-ல் எடுத்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். 6 கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்தார்கள். 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் அந்தத் தாள்கள் பெருமளவு சேதமாகி, மிஞ்சியவற்றையும் பிறகு அழித்துவிட்டார்கள். இன்று கையில் இருப்பவை சுமார் 6,000 பெயர்கள். அதனால் 1880-ம் ஆண்டுக் கணக்குக்கும் 1900-ம் ஆண்டுக் கணக்குக்கும் நடுவில் இருபது வருட இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு கவுண்டியில் யார் இருந்தார், யார் போனார் என்று தேடுகிறவருக்குக் குடும்பக் கடிதங்கள் பெரிய துணை.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். யூரியா ஆப்லிங்கர் என்பவர் 1872-ல் இண்டியானாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு நிலம் தேடிப் போனார். 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது 1862-ம் ஆண்டுச் சட்டம். மனைவி மேட்டியும் குழந்தையும் அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தார்கள். 1880-ல் பிரசவத்தில் மேட்டி இறந்துபோனார். அந்தக் குடும்பத்தின் கடிதங்கள் ஏறத்தாழ 3,000 பக்கம் இருக்கின்றன. புட்சரின் படங்களையும் இந்தக் கடிதங்களையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரே தொகுப்பாக இணையத்தில் வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், மண் சுவருக்கு உள்ளே ஒருத்தி எப்படி நாளைக் கழித்தாள் என்பது புரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இது கிடைக்காது.

(திரையில்: ஒரு படத்தின் பின்பக்கம், அதில் சிறிய வரி முத்திரை.)

சரி, வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பெயர் இல்லாத படங்கள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது? திருப்பிப் பாருங்கள். அமெரிக்கப் படத்தின் பின்னால் வரி முத்திரை ஒட்டியிருந்தால், அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் நடுவில் விற்றது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் போட்ட வரி அது. படமே அஞ்சலட்டையாக இருந்து, பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்கும் இரண்டாகப் பிரிந்திருந்தால், 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. உறைகளைத் தூக்கிப் போடவே கூடாது. அஞ்சல் முத்திரையில் இருக்கும் ஊர் இன்றைக்கு வரைபடத்திலேயே இல்லாமல் இருக்கலாம். கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் போக ஆரம்பித்த பிறகு சின்னச் சின்ன அஞ்சலகங்கள் நிறைய மூடப்பட்டன, அவற்றோடு ஊர்ப் பெயர்களும் வழக்கொழிந்தன.

அப்புறம், பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். போனில் குரலைப் பதிவு செய்துகொண்டே காட்டுங்கள். தெரிந்த பெயரைப் படத்தின் பின்னால், ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும், மையும் ஊறும். ஊகித்த பெயர் என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஒருவர் துணிந்து எழுதிய தப்பான பெயரைப் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அப்படியே நம்பிவிடுவார்கள்.

(திரையில்: மடிப்பில் கிழிந்த கடிதம், துருப்பிடித்த கிளிப்.)

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. கடிதத்தை விரித்து வையுங்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். கிளிப், ரப்பர் பேண்டு, பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். செய்துவிட்டால் திருப்ப முடியாது. பழைய கடிதங்கள் பலவும் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையால் எழுதியவை. அந்த மையே காலப்போக்கில் தாளை அரிக்கும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. அதனால் பரணும் நிலவறையும் வேண்டாம். வீட்டில் மனிதர்கள் இருக்கும் அறையின் அலமாரியே மேல். பசை தடவிய பக்கங்களுள்ள ஆல்பம், பிவிசி பிளாஸ்டிக் உறை இரண்டும் படத்துக்கு எதிரி. அமிலம் இல்லாத காகித உறை போதும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), டிஃப் கோப்பு (தரம் குறையாமல் சேமிக்கும் TIFF வகை). பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள்.

(திரையில்: கவுண்டி வரலாற்றுச் சங்கத்தின் மேசை, அதன் மேல் ஒரு பெட்டி.)

கடைசியாக, கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுப்பது. நல்ல படங்களை மட்டும் பொறுக்கிக் கொடுப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். மழை பெய்யவில்லை, சோளத்துக்கு விலை இல்லை, மாடு செத்துப்போச்சு என்று மட்டும் இருக்கும் கடிதம் உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். அந்த வருட வறட்சியை ஆராய்கிறவர் தேடுவது அதைத்தான். கட்டு இருந்த வரிசையையும் குலைக்காமல் கொடுங்கள், எந்தப் படம் எந்தக் கடிதத்தோடு வந்தது என்பதே ஒரு தகவல். நன்கொடைப் பத்திரம் எழுதும்போது ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: கடிதத் தாள் உங்களுடையது என்றாலும், அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படாத கடிதத்துக்கு அது எழுதியவர் இறந்து 70 வருடம் வரை நீடிக்கும். வாரிசுகளில் யார் அனுமதி தரலாம் என்பதை அந்தப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால், நாளைக்கு அதை வெளியிட நினைக்கிறவர் யாரிடம் கேட்பது என்று அலைய வேண்டியிருக்காது.