சோலர் தகட்டில் விழும் ஒளி

வணக்கம் நேயர்களே. விசுவமடு, தருமபுரம் பக்கம் தோட்டக் கிணறுகளில் சோலரில் ஓடுகிற பம்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தகட்டுக்குள் நடப்பது விளங்க வேண்டுமானால், 1905இல் ஐன்ஸ்ரைன் எழுதிய கட்டுரை ஒன்றுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒளி ஓர் அலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒளி பட்டு உலோகத்திலிருந்து இலத்திரன்கள் வெளியேறும்போது கணக்கு இடித்தது. நாகம் (சிங்க்) என்ற உலோகத்தின் தகட்டில் சிவப்பு ஒளியை எவ்வளவு பிரகாசமாகப் பாய்ச்சினாலும் ஓர் இலத்திரனும் வராது. கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளி மங்கலாகப் பட்டாலும் உடனே வரும். ஏன்? ஒளி தன் சக்தியைத் துணிக்கை துணிக்கையாகத்தான் கொடுக்கிறது என்றார் ஐன்ஸ்ரைன். அந்தத் துணிக்கையைத்தான் குவாண்டம் என்கிறோம். விளாங்காயை விழுத்த ஒரு நல்ல கல் வேண்டும். பிடி பிடியாக மண் வீசி வேலையில்லை. சிவப்பின் துணிக்கை மண், கழியூதாவின் துணிக்கை கல்.

இதை நம்பாத மிலிக்கன் என்ற அமெரிக்கர் வருடக்கணக்காகச் சோதித்தார். சமன்பாடு சரியாகவே வந்தது. 1916இல் அதை அப்படியே வெளியிட்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஐன்ஸ்ரைனின் 1921ஆம் ஆண்டு நோபல் பரிசில் பெயர் குறித்துச் சொல்லப்பட்டதும் ஒளி பட்டு இலத்திரன் வெளியேறும் இந்த ஒளிமின் விளைவுதான், அவருடைய பெயர்போன சார்பியல் கொள்கை அல்ல.

உயர்தரப் பிள்ளைகள் ஒரு சின்னத் தகட்டையும் மீற்றரையும் எடுத்து முற்றத்தில் வையுங்கள். முகில் மறைக்கும்போது மின்னோட்டம் சட்டென்று விழும். வோல்ற்றளவு கொஞ்சம்தான் இறங்கும். வருகிற துணிக்கைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒவ்வொன்றும் கொண்டுவரும் சக்தி பெரிதாக மாறவில்லை. இதைவிடத் தெளிவாகக் குவாண்டத்தைக் காட்ட எனக்குத் தெரியாது.

சரி, வன்னி வெயிலுக்கு இன்னும் கூடுதலாகக் கரண்ட் வர வேண்டுமே? தகடு செய்யப்படும் சிலிக்கனில் ஓர் இலத்திரனை விடுவிக்கக் குறித்த அளவு சக்தி வேண்டும். அதற்குக் குறைந்த துணிக்கையால் பயனில்லை. கூடியதாக வந்தால் மிச்சம் வெப்பமாகிவிடும். பெரும்பாலும் அதனால்தான் சந்தையில் கிடைக்கும் தகடுகள் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே மின்னாக்குகின்றன. தகடு சூடேறினால் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் வலு ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். ஆகவே கூரைத் தகரத்தோடு ஒட்டிப் பூட்டாதீர்கள். அடியில் காற்றோட இடம் விடச் சொல்லுங்கள்.