எரரே வரல சார், ஆனா அவுட்புட் தப்பா வருது

எல்லாருக்கும் வணக்கங்க. நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல 14 வருஷமா சி-ங்கற புரோகிராமிங் மொழிக்கான லேப் பாத்துக்கிட்டு இருக்கேன். பிராக்டிகல் எக்ஸாமுக்கு முந்துன நாள் ராத்திரி எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே மாதிரி தான் இருக்கும், "சார், எரர் எதுவும் வரல, ஆனா அவுட்புட் தப்பா வருது சார்"னு. அந்தப் போனைப் பத்தி தான் இன்னைக்கு பேசலாம்னு வந்தேன்.

எரர் வந்தா அது ஒரு பிரச்சனையே இல்லங்க. ஒரு பிராக்கெட்டை மூட மறந்தா போதும், 20 எரர் வரிசையா வந்து நிக்கும், பசங்க மொகம் வெளிறிப் போயிடும். முதல் எரரை மட்டும் பாருங்க, அது காட்டுற லைனோட அதுக்கு மேல இருக்குற லைனையும் பாருங்க, சரி பண்ணிட்டு திரும்ப கம்பைல் பண்ணுங்க, மிச்சதுல முக்கால்வாசி தானா காணாமப் போயிடும். அவ்வளவு தான்.

வம்பு எங்கன்னா, வாயே திறக்காத தப்புல. டென்னிஸ் ரிச்சி 1972 வாக்குல பெல் லேப்ஸ்ல சி-ய உருவாக்குனது யுனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதுறதுக்கு, அதை எழுதுன ஆளுங்களுக்கு தாங்க என்ன பண்றோம்னு நல்லாவே தெரியும், அதனால இந்த மொழி குறுக்க பேசாது. நேத்து சேர்ந்த ஃபர்ஸ்ட் இயர் பையன்கிட்டயும் அதே மரியாதையோட தான் நடந்துக்கும். இஃப் குள்ள சமமான்னு கேக்க ரெண்டு ஈக்வல் போட வேண்டிய எடத்துல ஒண்ணு போட்டா, "சரிங்க"ன்னு அந்த மதிப்பை வேரியபிள்ல போட்டுட்டு போயிக்கிட்டே இருக்கும்.

அடுத்து ஸ்கேன்எஃப், கீபோர்டுல அடிக்குறதை வாங்கி வேரியபிள்ல வைக்குற ஃபங்ஷன். என்னைக் கேட்டா இதை முதல் வாரத்துலயே சொல்லிக் குடுக்குறது தான் தப்பு, மெமரி அட்ரஸைப் பத்திச் சொல்ற பாயிண்டர் பாடம் அஞ்சாவது மாசம் வருது, ஆனா ஸ்கேன்எஃப்-க்கு முதல் நாளே வேரியபிளோட அட்ரஸ் வேணும். சிலிண்டர் போட வர்றவருகிட்ட வீட்டு அட்ரஸ் குடுக்காம "எங்க வீட்ல நாலு பேரு"ன்னு சொன்னா அவரு பாவம் எங்க கொண்டு போய் எறக்குவாரு? வேரியபிளுக்கு முன்னாடி அட்ரஸைக் குடுக்குற ஆம்பர்சண்ட் (&) குறி போடலன்னா அதே கதை தான், உள்ள கெடக்குற ஏதோ ஒரு குப்பை நம்பரையே அட்ரஸ்னு நெனச்சு அங்க போய் எழுதப் பாக்கும். லினக்ஸ்னா பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட்னு அடிச்சு நிறுத்திடும். பழைய டர்போ சி கம்பைலர்ல, அது ஓடுற டாஸ்-ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அந்தக் காவல் கெடையாது, பேசாம எங்கயாவது எழுதிட்டு வந்துடும்.

இன்னொண்ணு, இதுக்கு தான் நெறைய போன் வரும். முதல்ல ஒரு நம்பர் வாங்குறோம், அப்புறம் 'தொடரணுமா, ஒய் ஆர் என்'னு ஒரு எழுத்து கேக்குறோம், ஆனா கேக்காமயே தாண்டிப் போயிடுது. பையன் 5 அடிச்சான், என்டர் தட்டுனான், 5 உள்ள போயிடுச்சு, அந்த என்டர் மட்டும் வாசல்லயே நிக்குது, அடுத்து வர்ற, ஒரு எழுத்தை வாங்குற பர்சன்ட் சி (%c) அதையே ஒரு எழுத்துன்னு எடுத்துக்குது. பர்சன்டுக்கு முன்னாடி ஒரே ஒரு ஸ்பேஸ் விடுங்க, வாசல்ல நிக்குறதைத் தள்ளிட்டு நெஜ எழுத்துக்காகக் காத்திருக்கும்.

ஜிசிசி கம்பைலர் வச்சிருக்குறவங்க கம்பைல் பண்றப்போ மைனஸ் போட்டு டபிள்யூ ஆல்னு, முதல் டபிள்யூ பெரிய எழுத்துல, சேர்த்து அடிங்க. ஒத்த ஈக்வலையும் விட்டுப்போன ஆம்பர்சண்டையும் அது வார்னிங்னு சொல்லிடும். வார்னிங் தானேன்னு விட்டுடாதீங்கப்பா.

ஆனா அதுவும் பிடிக்காத ஒண்ணு இருக்கு, 1ல இருந்து குடுத்த நம்பர் வரைக்கும் பெருக்குற ஃபாக்டோரியல் புரோகிராம். டர்போ சி-ல 7 குடுத்தா 5040, சரியா வரும். 8 குடுத்தா மைனஸ் 25216! ஒரு பொண்ணு லேப்ல இதைப் பாத்துட்டு லூப்பை நாலு தடவை மாத்தி மாத்தி எழுதுச்சு, லூப்ல ஒரு தப்பும் இல்ல. அதுல முழு எண் வைக்குற இன்ட்-க்கு ரெண்டு பைட் தான், 32767 வரைக்கும் தான் கொள்ளும், 40320 வந்ததும் 65536 கழிஞ்சு மைனஸ்ல போய் நிக்குது. சரி, வீட்ல ஜிசிசி இருக்கு, நாலு பைட்னு தைரியமா இருந்தா 12 வரைக்கும் ஓடும், 13 குடுத்தா 1932053504னு வரும். மைனஸ் இல்ல, பாக்க நல்லா பெருசா இருக்கு, ரெக்கார்டு நோட்ல அப்படியே எழுதிட்டு வந்துடுறாங்க. அப்ப நான் ஒண்ணு தான் கேப்பேன், ஏம்மா, 1ல இருந்து 13 வரைக்கும் பெருக்குறப்போ நடுவுல 10 வந்துச்சுல்ல, அப்புறம் கடைசியில எப்படி 4 வரும்?